பல்பு மேல பழி போடாதீங்க

உங்க வீட்டு ஹால் லைட் திடீர்னு மங்கிப் போச்சுன்னா என்ன செய்வீங்க? "வோல்டேஜ் போச்சு"ன்னு சலிச்சுக்குவோம். ஜன்னல் வழியா எதிர் பில்டிங்கை எட்டிப் பார்ப்போம். அங்கேயும் மங்கலா இருந்தா மனசுக்கு ஒரு நிம்மதி :-)

சரி, அதே லைட் திடீர்னு வழக்கத்தை விடப் பளிச்சுனு எரிஞ்சா?

ஒண்ணுமே செய்ய மாட்டோம். மங்கினால்தான் எரிச்சல். வெளிச்சம் கூடினால் யாருக்கு என்ன நஷ்டம்? நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன். அந்த அலட்சியத்துக்கு எங்கள் பில்டிங்கில் ஒரு குழந்தை விலை கொடுத்திருக்க வேண்டியது. நூலிழையில் தப்பியது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லி விடுகிறேன். நான் எஞ்சினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு பேங்க்கில் குப்பை கொட்டுகிறவன். இதில் வருகிற மின்சார விஷயமெல்லாம் அடிபட்ட பிறகு கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டவை.

நாங்கள் இருப்பது செம்பூரில். நாலு மாடி, பதினாறு வீடு, லிஃப்ட் கிடையாது. கட்டிய காலத்தில் வீட்டுக்கு ரெண்டு ஃபேன், நாலு பல்பு, ஒரு ரேடியோ என்று கணக்குப் போட்டு வயரிங் செய்திருப்பார்கள். இன்றைக்கு வீட்டுக்கு ஒரு கீஸர், ஒன்றோ இரண்டோ ஏசி, வாஷிங் மெஷின், மைக்ரோவேவ். மீட்டர் ரூம் மட்டும் அதே பழைய மீட்டர் ரூம்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை ஆறரை மணி. அம்மா ஹாலில் உட்கார்ந்து தினசரி காலண்டர் படித்துக் கொண்டிருந்தாள்.

"ஏண்டா, லைட்டு ஏறுதுடா."

"என்னம்மா ஏறுது?"

"வெளிச்சம் ஏறுது, இறங்குது. நேத்தும் இதே நேரத்துக்கு இப்படித்தான். நீ பாக்கலியா?"

பார்த்தேன். உண்மைதான். பல்பு பளிச்சென்று ஒரு படி ஏறி, பத்து நிமிஷம் அப்படியே நின்று, பிறகு பழைய நிலைக்கு வந்தது. சமையலறையில் தங்கமணியிடம் கேட்டால், "இங்க எல்லாம் ஒழுங்காத்தான் எரியுது" என்று பதில். போய்ப் பார்த்தேன். அங்கே வெளிச்சம் அசையவில்லை.

எனக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது (என்று நினைத்துக் கொண்டேன்). சமையலறையில் இருப்பது நல்ல கம்பெனி எல்இடி. ஹாலில் இருப்பது ஸ்டேஷன் வாசலில் நூறு ரூபாய்க்கு மூணு என்று நான் பேரம் பேசி வாங்கி வந்தது. அட்டைப்பெட்டியில் கம்பெனி பெயரே ஒழுங்காக இருக்காது. "மலிவா வாங்கினா இப்படித்தான்" என்று தங்கமணி ஏற்கெனவே நாலு தடவை சொல்லியாகிவிட்டது.

அதைக் கழற்றி அந்த மூன்றில் இன்னொன்றை மாட்டினேன். அதுவும் ஏறி இறங்கியது. மூன்றாவதையும் பார்த்தேன். அதே கதை. கடைசியில் நல்ல கம்பெனி பல்பு ஒன்று வாங்கி மாட்டினேன். வெளிச்சம் கல் மாதிரி நின்றது. பிரச்னை தீர்ந்தது என்று கையைத் தட்டிக் கொண்டேன்.

அம்மா மட்டும் விடவில்லை. "பல்பு சரியாயிடுச்சு. ஃபேன் சத்தம் கேக்குதா பாரு, அதே நேரத்துக்கு வேகமா சுத்துது" என்றாள். நான் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில், "சரிம்மா, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மேல் வீட்டில் ஒரே சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் அறை முழுக்கப் புகை. சுவரில் பிளக் செய்து மெத்தை மேல் போட்டிருந்த மொபைல் சார்ஜர் உருகி, மெத்தை உறை ஒரு சாண் அகலத்துக்குக் கருகியிருந்தது. அந்த மெத்தையின் மறு ஓரத்தில்தான் அவர்களுடைய மூன்று வயதுப் பெண் தூங்கிக் கொண்டிருந்திருக்கிறாள். அவள் அம்மாவுக்குப் பிளாஸ்டிக் நாற்றம் வந்து, குழந்தையை இழுத்துக் கொண்டு வெளியே ஓடி வந்திருக்கிறாள். அதே நிமிஷத்தில் எங்கள் செட்டாப் பாக்ஸ் போனது. எதிர் வீட்டில் ஃப்ரிட்ஜ் போர்டு. கீழ் வீட்டில் டிவி.

மெயினை அணைத்துவிட்டு, மின் கம்பெனிக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் போன் செய்தோம். கம்பெனி ஆட்கள் வந்து பார்த்தார்கள். அவர்கள் கேபிள், கட்-அவுட் வரைக்கும் எல்லாம் சரி. அதற்குப் பிறகு இருக்கிற சொசைட்டியின் மெயின் ஸ்விட்ச்சில்தான் கோளாறு என்று காட்டிவிட்டுப் போனார்கள். அதைச் சரி செய்தவர் எங்கள் பக்கத்துக்கு வழக்கமாக வரும் எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி. லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறவர். தாராவியில் இருக்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். முப்பது வருஷமாக பம்பாய் மீட்டர் ரூம்களைப் பார்த்தவர்.

மெயின் ஸ்விட்ச்சைத் திறந்து, உள்ளே டார்ச் அடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நியூட்ரல் வயர் வந்து சேரும் இடம் கரியாக இருந்தது. போல்ட்டு தளர்ந்து, வயர் முனையில் மாட்டியிருக்கும் லக் பாதி எரிந்து போயிருந்தது.

"டீலா இருந்திருக்கு சார். ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல, மாசக் கணக்கா இருந்திருக்கும். வீட்டுல லைட்டு கூடிக் கொறஞ்சிருக்குமே, யாரும் பாக்கலியா?"

நான் மூன்று பல்பு மாற்றின கதையைச் சொன்னேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"அந்த மட்ட பல்புதான் சார் உங்களுக்கு உண்மையச் சொல்லியிருக்கு. நீங்க அதக் கழட்டிப் போட்டுட்டிய."

இந்த ஒரு வாக்கியம் என்னைப் பல நாள் தூங்க விடவில்லை.

அண்ணாச்சி சொன்னது எனக்குப் புரிந்த பாஷையில் இதோ.

பேங்க்கில் சேர்ந்த புதிதில் என்னை கிளியரிங் செக்‌ஷனில் போட்டிருந்தார்கள். பேப்பர் செக் எல்லாம் மூட்டை மூட்டையாகப் போய் வந்த காலம். நம் பேங்க் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியது பத்து கோடி, வர வேண்டியது ஒன்பதே முக்கால் கோடி என்றால், கடைசியில் கை மாறுவது கால் கோடிதான். மீதியெல்லாம் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும்.

மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் நியூட்ரல் செய்வது ஏறக்குறைய இதே வேலை. பில்டிங்குக்குள் மூன்று ஃபேஸ் வயர் வரும். அஞ்சாறு வீடு ஒரு ஃபேஸில், அஞ்சாறு வீடு அடுத்ததில் என்று பிரித்திருப்பார்கள். எல்லா வீட்டுக் கரண்டும் திரும்பிப் போவது ஒரே பொது நியூட்ரல் வழியாக. மூன்று ஃபேஸிலும் லோடு சமமாக இருந்தால் கரண்ட் ஒன்றுக்கொன்று கழிந்து, நியூட்ரலில் மிச்சம் கொஞ்சம்தான் ஓடும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் நடுவே 400 வோல்ட். எந்த வீட்டில் எவ்வளவு லோடு இருந்தாலும் எல்லாருக்கும் 230 கிடைப்பதற்குக் காரணம் அந்த நியூட்ரல் உறுதியாக நிற்பதுதான்.

அது அறுந்து போனால்? கணக்குக்கு இரண்டே வீடு என்று வைத்துக் கொள்வோம், வேறு வேறு ஃபேஸில். மேல் வீட்டில் 2000 வாட் கீஸர் ஓடுகிறது. நம் வீட்டில் பல்பு, ஃபேன் எல்லாம் சேர்த்து 200 வாட். நடுவில் நியூட்ரல் இல்லாததால் இரண்டு வீடும் வரிசையாகக் கோர்த்த மாதிரி 400 வோல்ட்டின் குறுக்கே உட்கார்ந்துவிடும். லோடு அதிகம் உள்ளவருக்கு வோல்டேஜ் குறையும், லோடு குறைவாக உள்ளவருக்கு ஏறும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கீஸர் வீட்டுக்கு 36 வோல்ட் போல, நமக்கு 360-க்கு மேல்! சிக்கனமாக ஒரே ஒரு சார்ஜரை மாட்டி வைத்திருக்கிற வீட்டுக்குத்தான் முதல் அடி.

எங்கள் பில்டிங்கில் நியூட்ரல் முழுசாக அறவில்லை, தளர்ந்திருந்தது. அதனால் காலையில் மற்ற ஃபேஸ்களில் கீஸர்கள் ஓடும்போது எங்கள் வீட்டில் வோல்டேஜ் ஏறியிருக்கிறது. நாங்கள் கீஸர் போட்டதும் இறங்கியிருக்கிறது. அம்மா சொன்ன ஆறரை மணி, கீஸர் மணி. அந்த ஞாயிற்றுக்கிழமை லக் முக்கால்வாசி எரிந்து, நியூட்ரல் இருந்தும் இல்லாத நிலை.

"எம்சிபி இருக்கே, ட்ரிப் ஆகாதா?" என்று கேட்டேன். நீங்களும் கேட்பீர்கள். ஆகாது. எம்சிபி பார்ப்பது கரண்ட் அதிகமாகிறதா என்பதை மட்டும்தான். வோல்டேஜ் 360 ஆனாலும் அது பாட்டுக்கு நிற்கும். ஆர்சிசிபி பார்ப்பது கரண்ட் வழி தவறி எர்த்துக்கு ஒழுகுகிறதா என்பதை. அதுவும் வோல்டேஜைப் பார்ப்பதில்லை. அதற்கென்று ஓவர் வோல்டேஜ் ப்ரொடெக்டர் தனியாக இருக்கிறது. எங்கள் பதினாறு வீட்டில் ஒரு வீட்டிலும் அது இல்லை.

இனி அந்த மட்ட பல்பு விஷயம்.

எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். தாத்தா காலத்தில் திண்ணையில் ஒரு குண்டு பல்பு எரியும். சாயங்காலம் அது சிவந்து மெழுகுவத்தி மாதிரி ஆனதும் தாத்தா சொல்வார், "மோட்டாரப் போட்டுட்டானுங்க." திடீரென்று வெள்ளையாக எரிந்தால் ரேடியோவைப் போய் அணைப்பார். வோல்ட் மீட்டர் அவர் கண்ணால் பார்த்ததில்லை. அந்த பல்புதான் அவருக்கு மீட்டர். அம்மா இதைக் கற்றது அந்தத் திண்ணையில்தான். நான் பி.காம். படித்ததால் தப்பித்துவிட்டேன்.

குண்டு பல்பின் குணம் அப்படி. வோல்டேஜ் பத்து சதவீதம் கூடினால் அதன் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். மறைக்கவே தெரியாத பல்பு. பிறகு வந்த சிஎஃப்எல் கொஞ்சம் அடக்கி வாசித்தது. நல்ல எல்இடியோ சுத்தமாக வாயே திறக்காது. அதன் உள்ளே டிரைவர் என்று ஒரு சின்ன சர்க்யூட். 100 வோல்ட் வந்தாலும் 300 வோல்ட் வந்தாலும் எல்இடிக்குப் போகும் கரண்ட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் என்று பெட்டியிலேயே பெருமையாகப் போட்டிருப்பார்கள். மட்டமான பல்பில் அந்த டிரைவருக்குப் பதில் ஒரு கண்டென்சரும் நாலு டயோடும். வோல்டேஜ் ஏறினால் கரண்ட்டும் ஏறும், வெளிச்சமும் ஏறும்.

ஆக, சமையலறை பல்பு அசையாமல் நின்றதற்குக் காரணம் சமையலறையில் எல்லாம் சரியாக இருந்தது அல்ல. அந்த பல்பு சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் செய்தது என்ன? உண்மையைச் சொன்ன ஒரே சாட்சியைக் கழற்றி குப்பையில் போட்டுவிட்டு, வாய் திறக்காத ஒன்றை மாட்டி, பிரச்னை தீர்ந்தது என்று கணக்கை மூடினேன். பேங்க்காரனுக்கு இது தெரியாத வித்தை இல்லை. வட்டி கட்ட முடியாத கடனுக்கு இன்னொரு கடன் கொடுத்து வட்டியைக் கட்ட வைத்தால் புத்தகத்தில் அந்தக் கணக்கு அழகாக நிற்கும். 2015-ல் ரிசர்வ் பேங்க் எல்லா பெரிய பேங்க்குகளின் கடன் தரத்தையும் தோண்டிப் பார்த்தபோதுதான் அப்படி நின்ற கணக்குகள் எத்தனை என்று ஊருக்குத் தெரிந்தது. மற்றவர் புத்தகத்தில் இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு என் வீட்டு ஹாலில் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

எல்இடியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தை ஆரம்பித்தது. எல்இடி பல்பின் கொள்முதல் விலை 2014 தொடக்கத்தில் 310 ரூபாய். மொத்தமாக டெண்டர் விட்டதில் 2016-ல் அது 38 ரூபாய்க்கு வந்தது. இதுவரை 36 கோடிக்கும் மேல் பல்பு கொடுத்திருக்கிறார்கள். 60 வாட் எரித்த இடத்தில் 9 வாட். மின்சார பில் கட்டுகிற யாரும் இதைக் குறை சொல்ல முடியாது.

மட்ட பல்பு நல்லது என்றும் சொல்லவில்லை. 2017-ல் நீல்சன் நிறுவனம் மும்பை, டெல்லி, அகமதாபாத், ஐதராபாத்தில் 200 எலெக்ட்ரிக் கடைகளில் எடுத்த சர்வேயில், எல்இடி பல்பு பிராண்டுகளில் 76 சதவீதம் பாதுகாப்பு விதிகளின்படி இல்லை என்று தெரிந்தது. கழற்றும்போது ஷாக் அடிக்கிற பல்புகளும் சந்தையில் உண்டு. பிஐஎஸ் முத்திரையும் பதிவு எண்ணும் இல்லாத பல்பை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். நான் இப்போது கொண்டு வருவதில்லை.

நான் சொல்வது ஒன்றுதான். வெளிச்சம் மாறினால் பல்பை மாற்றுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று, அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். பயப்படாமல் இருக்க வேண்டியதும் பயப்பட வேண்டியதும் எவை என்று அண்ணாச்சி எனக்குப் பிரித்துச் சொன்னார்.

1. ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் பல்பு லேசாக மினுங்குகிறது, அல்லது சில விநாடிக்கு ஒரு தரம் கண் சிமிட்டுகிறது: ஸ்விட்ச்சில் சின்ன இண்டிகேட்டர் லைட் இருந்தால் அதன் வழியாக ஒழுகும் துளிக் கரண்ட் போதும். பயம் இல்லை. இண்டிகேட்டர் இல்லாமலே மினுங்கினால் ஸ்விட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் ஸ்விட்ச் அணைத்திருந்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். பல்பு மாற்றும்போது கை வைத்தால் போச்சு.

2. ஃப்ரிட்ஜோ தண்ணீர் மோட்டாரோ கிளம்பும்போது ஒரு நொடி மங்கி உடனே திரும்புகிறது: பெரும்பாலும் சகஜம். ஒவ்வொரு தடவையும் ரொம்ப மங்கினால் எங்கேயோ ஜாயின்ட் தளர்வு.

3. ஒரே ஒரு பாயின்ட்டில் மட்டும் துடிக்கிறது: ஹோல்டர். பழைய நூறு வாட் பல்பின் சூட்டில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இறந்திருக்கும். ஹோல்டரை மாற்றுங்கள். அந்த பாயின்ட்டில் டிம்மர் இருந்தால் சாதாரண எல்இடி அதில் ஒழுங்காக எரியாது.

4. அரை மணி எரிந்த பிறகு அணைந்து, மறுபடி எரிகிறது: மூடின கண்ணாடிக் குடுவைக்குள் மாட்டியிருக்கிறீர்களா? எல்இடிக்குச் சூடு ஆகாது. இதில் மட்டும் பழி பல்பு மேல் போகலாம் :-)

5. வீடு முழுக்க வெளிச்சம் கூடுகிறது, ஃபேன் வேகமாகச் சுற்றுகிறது, நம் வீட்டில் எதுவும் போடாமலே இது நடக்கிறது. நம் கீஸர் போட்டதும் மாறுகிறது. மூன்று ஃபேஸ் வாங்கியிருக்கிற பெரிய வீடென்றால் ஒரு ரூமில் கூடுகிறது, இன்னொரு ரூமில் மங்குகிறது: இதுதான் நியூட்ரல். இதற்கு மட்டும் காத்திருக்காதீர்கள். மெயினை அணையுங்கள். மின் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள் (தாராவி, மாட்டுங்கா பக்கம் என்றால் பெஸ்ட், மற்ற இடங்களில் உங்கள் பில்லில் இருக்கிற கம்பெனி). பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அவர்களையும் அணைக்கச் சொல்லுங்கள். மீட்டர் ரூமை நீங்களே திறக்க வேண்டாம். அவசரத்துக்கு எர்த் வயரை நியூட்ரலாக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பி விடுங்கள். அப்படிச் செய்தால் உங்கள் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பெல்லாம் கரண்ட் ஏறும்.

இன்னொரு விஷயமும் அண்ணாச்சி சொன்னார். நியூட்ரல் தளரும் கேஸ் இப்போதுதான் அவருக்கு அதிகம் வருகிறதாம். காரணம் படித்துப் பார்த்தேன். பழைய பல்பு, இஸ்திரிப் பெட்டி மாதிரி லோடுகள் மூன்று ஃபேஸிலும் அழகாகக் கழிந்துவிடும். டிவி, கம்ப்யூட்டர், சார்ஜர், எல்இடி, இன்வெர்ட்டர் ஏசி எல்லாம் கரண்ட்டைத் துண்டு துண்டாகக் கடித்து எடுக்கிறவை. அதில் ஒரு பகுதி மூன்று ஃபேஸிலும் ஒன்றையொன்று கழிக்காமல் நியூட்ரலில் போய்க் கூடும். ஃபேஸ் வயரை விட நியூட்ரலில் அதிகக் கரண்ட் ஓடும் நிலைமையும் வரலாம். பழைய பில்டிங்குகளில் நியூட்ரலுக்கு மெல்லிய வயர் போட்டிருப்பதும் உண்டு, மிச்சம்தானே ஓடப் போகிறது என்று. மாட்டுங்காவில் சுதந்திரத்துக்கு முன்னால் கட்டிய பில்டிங்குகளில் இன்றைக்கும் நம் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வீட்டுக்குள் மாடுலர் ஸ்விட்ச், கீழே மாடிப்படி அடியில் தாத்தா காலத்து மெயின் போர்டு. மும்பை மழை, உப்புக் காற்று வேறு. போல்ட்டு தளராமல் என்ன செய்யும்?

தாராவியில் எப்படி என்று கேட்டேன்.

"அங்க ஒத்த ரூம்ல பத்து தையல் மிஷினு ஓடும் சார். மோட்டாரு எரிஞ்சுதுன்னா அன்னைக்குக் கூலி போச்சு. அதனால லைட்டு கொஞ்சம் கூடுனாலே பசங்க மிஷின நிப்பாட்டிட்டு வயர்மேனக் கூப்புடுவானுவ. பில்டிங்குலதான் யாரும் பாக்கது இல்ல. லைட்டு எரியுதா, அது போதும்."

எனக்குச் சுருக்கென்றது. சொசைட்டி மீட்டிங்கில் அது இன்னும் உறுத்தியது. மீட்டர் ரூமை முழுசாக மாற்ற வேண்டும், புது மெயின் போர்டு, சரியான தடிமனில் நியூட்ரல், வருஷா வருஷம் மழைக்கு முன்னால் எல்லா ஜாயின்ட்டையும் முறுக்கிப் பார்க்க ஒரு லைசென்ஸ் கான்ட்ராக்டர் என்று கேட்டேன். செகரெட்டரி சொன்னார், "அதான் ரிப்பேர் ஆயிடுச்சே. இந்த வருஷ ஃபண்ட் வெளிப் பெயின்ட்டுக்கு." பாதிப் பேர் தலையாட்டினார்கள். பெயின்ட் அடித்தால் ஃப்ளாட் விலை ஏறும். நியூட்ரலை யார் பார்க்கப் போகிறார்கள்?

என் கட்சி இதுதான். மீட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பது என்னுடையது என்று நினைக்கிறோம். கட்-அவுட்டுக்கு அந்தப் பக்கம் கம்பெனியுடையது. நடுவில் இருக்கிற பத்தடி யாருடையதும் இல்லை என்று நினைக்கிறோம். அது எல்லாருடையதும். அது போனால் முதல் அடி தப்பு செய்தவனுக்கு விழாது. குறைவாக மின்சாரம் எரிக்கிற வீட்டுக்கு விழும். தனியாக இருக்கிற வயசானவர்கள் வீட்டுக்கு, ஊருக்குப் போயிருக்கிறவர்கள் பூட்டிய வீட்டுக்கு, ஒரு குழந்தை தூங்குகிற அறைக்கு. பெயின்ட் ஒரு வருஷம் தள்ளிப் போனால் யாரும் சாக மாட்டார்கள்.

அன்றைக்குப் பேசியது நான் மட்டும் என்றால் தோற்றிருப்பேன். கடைசியில் மேல் வீட்டுப் பெண் எழுந்து, அந்தக் கருகிய மெத்தை உறையைக் கொண்டு வந்து மேஜை மேல் விரித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மீட்டர் ரூம் வேலை தீபாவளிக்கு முன்னால் முடிந்தது. பெயின்ட் அடுத்த வருஷம்.

வீட்டில் இப்போது ஓவர் வோல்டேஜ் ப்ரொடெக்டர் போட்டிருக்கிறேன். அதோடு இன்னொன்றும் செய்தேன். பூஜை அலமாரியில் முன்பு ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு இருந்தது. பெயர்தான் ஜீரோ, உள்ளே இருப்பது இழை. நிஜத்தில் 15 வாட் வரை எடுக்கும். சிக்கனம் என்று நான் அதை எடுத்துவிட்டு எல்இடி மாட்டியிருந்தேன். இப்போது பழையபடி இழை பல்பு. காலையும் மாலையும் ஒரு மணி எரிந்தால் மாசத்துக்கு ஒரு யூனிட் கூட ஆகாது.

அம்மா காலண்டர் படிக்கும்போது நடுவில் தலை தூக்கி அதை ஒரு தரம் பார்த்துக் கொள்வாள். இப்போதெல்லாம் நானும் பார்க்கிறேன்.

உங்க வீட்டு லைட் ஏறுதா இறங்குதான்னு நாளைக்குக் காலை ஆறரை மணிக்கு ஒரு தரம் பாருங்க. வீட்டில் பெரியவங்க இருந்தா அவங்க கிட்ட கேளுங்க. அவங்க ஏற்கெனவே சொல்லியிருப்பாங்க, நாமதான் கேட்டிருக்க மாட்டோம்.